தள்ளுபடிக்கு முன்னால் அலைச்சலைக் குறையுங்கள்

பெங்களூர் ஈஜிபுராவில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் ஒருவரின் வாட்ஸாப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ மாவுக்கான பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அக்கா, மாவு இருக்கா?”
“இருக்குங்க.”
“கிலோ எவ்வளவு?”
“எழுபது.”
“இன்னைக்கு அரைச்சதா?”
“நேத்து சாயங்காலம்.”
“அப்போ இட்லிக்கு ஆகுமா, தோசைக்குத்தானா?”
“இன்னைக்கு இட்லிக்கே நல்லா வரும்.”
“கொண்டுவந்து கொடுப்பீங்களா?”
“எந்த ஏரியா?”
“கோரமங்களா ஆறாவது பிளாக்.”
“கொடுக்கலாம், 30 ரூபாய் ஆகும்.”
“சரிக்கா, சொல்றேன்.”

மொத்தம் 13 செய்திகள், வியாபாரம் ஆகவில்லை. கை கிரைண்டரில் இருக்கும்போது ஒவ்வொரு பதிலுக்கும் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் அந்தப் பக்கம் இருப்பவர் வேறு ஆப்பில் இரண்டு தட்டு தட்டி மாவு வரவழைத்திருப்பார். “விலை கூடுதலா இருக்குன்னு போயிட்டாங்க போல” என்று நினைத்து, அடுத்த வாரம் பாக்கெட்டுக்கு ஏழு ரூபாய் குறைப்பதுதான் சிறு வியாபாரத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. வாடிக்கையாளர் அத்தனை கேள்விகளையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருந்தது, 30 ரூபாய் கூடுதல் என்பது கடைசியில்தான் தெரிந்தது. போனதற்குக் காரணம் அதுதான்.

அந்த ஏழு ரூபாய்க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 ரூபாய் மாவில் அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் போக 21 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 40 பாக்கெட் விற்றால் 840 ரூபாய். பத்து சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் கையில் நிற்பது 14. அதே 840 ரூபாய் வர 60 பாக்கெட் விற்க வேண்டும். விலையில் குறைந்தது பத்து சதவீதம், கூடும் உழைப்பு ஐம்பது சதவீதம். அதே கிரைண்டரில், அதே இரண்டு கைகளால், தினமும் 20 கிலோ கூடுதலாக அரைக்க வேண்டும். மேலே பார்த்த 13 செய்திகளை நான்கைந்தாகக் குறைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

எங்கே தொடங்குவது

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, கடைசியாக வந்த 30 விசாரிப்புகளை வாட்ஸாப்பிலிருந்தும் போன் அழைப்பு நினைவிலிருந்தும் எழுதுங்கள். பொருள் வாங்கியவர், வாங்காதவர் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் கேட்ட முதல் மூன்று கேள்விகளைக் குறித்துக் கோடு போட்டு எண்ணுங்கள். மாவுக்கடை, தையல் கடை, மெஸ், அரவை மில் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் ஐந்தாறு கேள்விகளே திரும்பத் திரும்ப வரும்: விலை என்ன, இப்போது இருக்கிறதா, எப்போது கிடைக்கும், கடை எங்கே, கொண்டுவந்து தருவீர்களா, ஜிபே இருக்கிறதா. நீங்கள் எழுதவேண்டிய செய்திகளுக்கும் போஸ்டருக்கும் பலகைக்கும் இந்தப் பட்டியல்தான் மூலம். “தரமே எங்கள் தாரக மந்திரம்” என்பது அந்த முப்பதில் ஒருவரும் கேட்காத கேள்விக்கான பதில்.

வாடிக்கையாளர் எந்த வரிசையில் கேட்டாரோ அதே வரிசையில் பதில்களை எழுதுங்கள். மாவுக்கு அது இப்படி வரும்:

“இட்லி மாவு 1 கிலோ 70 ரூபாய். அரைத்தது செவ்வாய் மாலை 6 மணி. புதன் இட்லிக்கு, வியாழன் தோசைக்கு. ஈஜிபுரா வீட்டில் காலை 7–10, மாலை 5–8. கோரமங்களா, விவேக்நகர் டெலிவரி மாலை 6.30–7.30, கட்டணம் 30. மூன்று பாக்கெட்டுக்கு மேல் டெலிவரி இலவசம். வேண்டும் என்றால் எத்தனை பாக்கெட், எந்த ஏரியா என்று மட்டும் அனுப்புங்கள்.”

கடைசி வரி கட்டாயம் வேண்டும். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். “தொடர்பு கொள்ளவும்” என்றால் என்ன அனுப்புவது என்று அவரே யோசிக்க வேண்டும். “எத்தனை, எந்த ஏரியா” என்றால் “2, விவேக்நகர்” என்று அவர் அடித்துவிடுவார்.

இதை ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டாம். வாட்ஸாப் பிசினஸ் ஆப் இலவசம். அதில் ‘க்விக் ரிப்ளை’ என்ற இடத்தில் 50 பதில்கள் வரை சேமித்துவைக்கலாம். சாய்கோடு போட்டு நீங்கள் வைத்த சுருக்கச் சொல்லை அடித்தால் முழுப் பதிலும் வந்துவிடும். தானாகப் போகும் ‘க்ரீட்டிங்’ செய்தியும் உண்டு. அது முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து திரும்ப எழுதுபவருக்கும் மட்டும் போகும். வாராவாரம் வாங்குபவருக்குப் போகாது. அதனால் இன்றைய விலையையும் இருப்பையும் க்ரீட்டிங்கில் வைத்துவிட்டு ‘எல்லோருக்கும் போய்விட்டது’ என்று இருந்துவிடாதீர்கள். மாறாத தகவலை அதில் வையுங்கள். மாறும் தகவலுக்கு ஸ்டேட்டஸ் சரியாக இருக்கும், அது 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும்.

இதில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ‘ப்ராட்காஸ்ட்’ பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்துவைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். இருநூறு பேருக்கு அனுப்பி இரண்டு பேர்கூட பதில் போடவில்லை என்றால், பெரும்பாலும் சலுகை மோசம் என்று அர்த்தமில்லை, செய்தியே போகவில்லை. முதல் தடவை பொருள் கொடுக்கும்போதே, “நம்பரை ‘ஈஜிபுரா மாவு’ன்னு சேவ் பண்ணிக்கோங்க, அரைக்கிற நாள் மெசேஜ் வரும்” என்று சொல்லி, அவர் செய்யும்வரை அரை நிமிடம் நில்லுங்கள். உங்கள் சொந்தப் பெயரில் சேமிக்கச் சொல்லாதீர்கள். மூன்று மாதம் கழித்து மாவு வேண்டும் என்று தேடுபவர் ‘மாவு’ என்றுதான் தேடுவார்.

படத்துக்குள் விலையை ஒளிக்காதீர்கள்

வண்ணப் போஸ்டர் செய்ய இப்போது ஆப்கள் ஏராளம், அதனால் எல்லாத் தகவலும் படத்துக்குள் போய்விடுகிறது. வாடிக்கையாளர் பத்து நாள் கழித்து உங்கள் பேச்சில் ‘விலை’ என்று தேடினால் படத்துக்குள் இருப்பது கிடைக்காது. அதில் உள்ள போன் எண்ணைத் தட்டி அழைக்கவும் முடியாது. கண் மங்கியவர் விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். படம் வேண்டுமானால் இருக்கட்டும். அதன் கீழே நான்கு வரியில் பொருள், விலை, நேரம், எண் நான்கையும் எழுத்தாகவும் அனுப்புங்கள். “விலைக்கு மெசேஜ் பண்ணவும்” என்று போடுபவர்கள் விசாரிப்பு கூடும் என்று நம்புகிறார்கள். கூடும்தான், ஆனால் அதில் பாதி விலை கேட்டதும் மறைந்துவிடும். கேட்கத் தயங்கியவர்களோ கணக்கிலேயே வரமாட்டார்கள்.

மொழி விஷயத்தில் பெங்களூர்த் தமிழ் வியாபாரிகள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் பக்கம் இரண்டு, மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில் தமிழ் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்ததால் தமிழ் எழுத்து வராத பிள்ளைகள் நிறையப் பேர். அழகான தமிழில் நீங்கள் எழுதிய செய்தியைப் பாட்டி படித்துவிடுவார், ஆர்டர் போடும் பேரனால் முடியாது. அதனால் பொருளின் பெயரையும் விலையையும் நேரத்தையும் எண்களோடு முதல் வரியில் வையுங்கள். எண்களை எல்லோரும் படிப்பார்கள். அதன்கீழ் கன்னடத்தில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழுக்கு இருபது வினாடிக் குரல் பதிவு இந்த ஊரில் எழுத்தைவிட நன்றாக வேலை செய்யும். பதிவில் சொல்லவேண்டிய வரிசை: என்ன பொருள், என்ன விலை, எப்போது வரை, எப்படி ஆர்டர் போடுவது. போன் எண்ணைக் குரலில் மட்டும் சொல்லி விடாதீர்கள், யாரும் பேனா எடுத்து எழுத மாட்டார்கள்.

கடைப் பலகைக்குச் சட்டமே இருக்கிறது: 2024 திருத்தத்தின்படி கர்நாடகத்தில் பெயர்ப் பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும். மீதி இடம் கொஞ்சம்தான். அதில் ‘ஸ்ரீ’ போட்டு நீளமான பெயரைத் தமிழில் எழுதுவதைவிட, “மாவு, மசாலா அரைத்துத் தரப்படும்” என்று என்ன கிடைக்கும் என்பதை எழுதுவது பயன்.

பேக்கிங் மேல் எழுதுவதும் விளம்பரம்தான்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விளம்பரத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர், மாவு பாக்கெட்டை ஃப்ரிட்ஜைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பார்ப்பார். சட்டப்படி பொட்டலப் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, தயாரித்த மாதம் ஆண்டு, குறை சொல்ல ஒரு எண் வேண்டும். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண்ணும் வேண்டும். இதற்கெல்லாம் பிறகு மிஞ்சும் இடத்தில் அவருடைய சமையலறையில் எழும் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

மாவில் எழும் கேள்விகள் நான்கு. உப்பு போட்டதா? இதை எழுதாவிட்டால் பாதிப் பேர் மறுபடி உப்பு போட்டுவிட்டு “மாவு கரிக்குது” என்பார்கள். எத்தனை இட்லி வரும்? உங்கள் தட்டில் ஊற்றி எண்ணிப் பார்த்து எழுதுங்கள். ஒரு குழிக்கு 50 கிராம் என்றால் கிலோவுக்கு இருபது வரும், தட்டு பெரிதாக இருந்தால் குறையும். எப்போது ஊற்றலாம்? சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, டிசம்பர், ஜனவரி பெங்களூர் குளிரில் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். புளிக்காத மாவைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் இட்லி கல்லாக வரும், பழி உங்கள் உளுந்து மேல் விழும். நான்காவது, பாக்கெட் உப்பியிருந்தால் மாவு கெட்டுவிட்டதா? புளிக்கும்போது காற்று வெளிவருவதால் உப்புவது இயல்பு. பாக்கெட்டில் மேல் பக்கம் கால்வாசி இடம் விட்டு ஒட்டுங்கள், மேல் ஓரத்தில் ஒரு ஊசித் துளை போடுங்கள், “நிமிர்த்தி வைக்கவும், பாக்கெட் உப்பியிருந்தாலும் மாவு கெடவில்லை” என்று எழுதுங்கள். ஃப்ரிட்ஜில் வெடித்துச் சிதறிய ஒரு பாக்கெட்டைத் துடைத்தவர் எந்தத் தள்ளுபடிக்கும் திரும்பி வரமாட்டார்.

ஸ்டிக்கர் அச்சடிக்கும்போது தேதிக்கு வெற்றிடம் விட்டு, மார்க்கரில் தேதியோடு ‘செவ்வாய் மாலை 6’ என்றும் கையால் எழுதலாம். கிழமை எழுதினால் கணக்கு வேண்டாம், பார்த்ததும் புரியும்.

கடை இருக்கும் இடம்

பெங்களூர் முகவரி வெளியூர்க்காரரைப் படுத்தும் பாடு தனி. நான்காவது கிராஸ், இரண்டாவது மெயின் என்பது கிட்டத்தட்ட எல்லா லேஅவுட்டிலும் உண்டு. ஏரியா பெயரை விட்டுவிட்டு ‘4வது கிராஸ்’ என்று மட்டும் அனுப்பினால் ஆட்டோ வேறு பேட்டைக்குப் போய் நிற்கும். எழுதவேண்டிய வரிசை: ஏரியா, மெயின், கிராஸ், பின்கோடு, பிறகு கண்ணில் படும் அடையாளம். அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் என்றால் திருவள்ளுவர் சிலையும் குருத்வாராவும் எந்த ஓட்டுநருக்கும் தெரியும். அங்கிருந்து எத்தனை கடை தள்ளி, எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். ‘பச்சை கேட்’ என்று எழுதினால், பெயின்ட் மாறும் நாளில் மாற்ற மறக்காதீர்கள்.

கூகுள் மேப்பில் குறியைத் தெருவின் நடுவில் வைக்காமல், கடை வாசலில் கொண்டுபோய் வையுங்கள். வைத்தபின் அந்த ஏரியா தெரியாத ஒருவரிடம் லிங்க்கை மட்டும் அனுப்பி வரச் சொல்லுங்கள். ஒன்வே காரணமாக மேப் ஒரு கிலோமீட்டர் சுற்ற வைத்தால், “மெயின் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு 50 அடி நடக்கவும்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். டூவீலர் எங்கே நிறுத்தலாம் என்பதையும் சொல்லுங்கள். 2023 ஜூனில் கர்நாடக அரசின் சக்தி திட்டம் வந்ததிலிருந்து சாதாரண அரசுப் பேருந்துகளில் கர்நாடகப் பெண்களுக்குப் பயணம் இலவசம். உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பெண்கள் என்றால், பக்கத்துப் பஸ் ஸ்டாப்பின் பெயரும் மெட்ரோ நிலையத்தின் பெயரும் முகவரியில் இருப்பது எந்தச் சலுகைக்கும் குறைந்ததில்லை.

நேரத்தை மாற்ற மறந்து போவதுதான் இங்கே பெரிய பிழை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள், பந்த் என்று கடையடைப்பு, ஞாயிறு அரைநாள். மேப்பில் உங்கள் கடைத் தகவலை வைக்கும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் ‘ஸ்பெஷல் அவர்ஸ்’ என்று தனியாகத் தேதிவாரியாக மாற்ற முடியும், இரண்டு நிமிட வேலை. சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி வந்து பூட்டிய ஷட்டரைப் பார்த்தவர், அந்தக் கோபத்தோடுதான் விமர்சனம் எழுதுவார்.

சலுகையை எப்படி அமைப்பது

ஒரு தையல் கடையின் ஆடிச் சலுகை: “ப்ளவுஸ் தையலில் 20% தள்ளுபடி. செவ்வாய் முதல் வியாழன் வரை, காலை 11 முதல் மாலை 4 வரை மட்டும். குறைந்தது மூன்று ப்ளவுஸ். இந்த மெசேஜைக் காட்ட வேண்டும். லைனிங், டிசைனுக்குப் பொருந்தாது.” வேலைக்குப் போகும் பெண் ஒருவர் இதில் எத்தனை தடையைத் தாண்ட வேண்டும் என்று எண்ணினால் ஐந்து. அந்த நேரத்தில் அவர் ஆபீஸில் இருப்பார். இப்போது பட்டுப் புடவைக்கு லைனிங் இல்லாமல் யாரும் தைப்பதில்லை. கொடுக்க மனமில்லாத சலுகை என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அவருடைய உண்மையான செலவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புடவையும் அளவு ப்ளவுஸும் கொடுக்க ஒரு நடை. லைனிங் துணி நிறம் பார்க்க இன்னொரு நடை. சொன்ன தேதியில் வந்து “நாளைக்கு வாங்க” கேட்டுத் திரும்ப ஒரு நடை. வாங்க ஒரு நடை, தோள் இறங்குகிறது என்று பிரித்துத் தைக்க ஒரு நடை. ஃபால்ஸ், பிக்கோவுக்கு ஒரு கடை, முந்தானைக்குக் குச்சு கட்ட இன்னொரு கடை. நூறு ரூபாய் குறைத்தாலும் இந்த நடை எதுவும் குறையவில்லை. அதே கடை இப்படிச் சொல்லலாம்:

“ப்ளவுஸ், லைனிங், ஃபால்ஸ், பிக்கோ, குச்சு எல்லாம் ஒரே இடத்தில், ஒரே விலையில். விசேஷத் தேதியைச் சொல்லுங்கள், நான்கு நாள் முன்பே தயார். கொடுக்க ஒரு முறை, போட்டுப் பார்த்து வாங்க ஒரு முறை, அவ்வளவுதான். இரவு 9 வரை கடை திறந்திருக்கும்.”

சொல்வது எளிது, காப்பாற்றத்தான் வேலை. துணி வாங்கும்போதே ரசீதில் விசேஷத் தேதி, போட்டுப் பார்க்கும் தேதி இரண்டையும் எழுதுங்கள். லைனிங் முப்பது நிறமாவது கடையில் வைத்திருங்கள், அங்கேயே புடவைமேல் வைத்துக் காட்டி முடிவு வாங்கிவிடலாம். அளவு ப்ளவுஸ் கொடுப்பவரிடம் “இதில் எங்கே இறுக்கம், எங்கே தளர்வு?” என்று கேட்டு எழுதாவிட்டால், பழைய தவறையே அப்படியே தைத்துக் கொடுப்பீர்கள். தைத்து முடித்ததும் ஹேங்கரில் மாட்டிப் படம் எடுத்து “தயார்” என்று அனுப்புங்கள். படம் வராமல் யாரும் கிளம்பி வர வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓரத்தில் ஒன்றரை அங்குலத் துணி விட்டுத் தைத்தால், போட்டுப் பார்க்கும் அன்றைக்கே பத்து நிமிடத்தில் தளர்த்திக் கொடுத்துவிடலாம். இவ்வளவும் செய்யும் கடை தள்ளுபடி தர வேண்டியதில்லை. கொஞ்சம் கூடுதலாகவே வாங்கலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அரவை மில்லுக்கும் இதே கணக்குதான். குழம்பு மிளகாய்த்தூள் அரைக்க “கிலோவுக்கு 5 ரூபாய் குறைவு” என்பதில் யாருக்கும் பெரிய லாபமில்லை. அவர் மல்லி ஒரு கிலோ, மிளகாய் அரைக் கிலோ, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, சீரகம் தலா 100 கிராம், மிளகு, மஞ்சள் தலா 50, வெந்தயம் 25 என்று எட்டுச் சாமான் வாங்க வேண்டும். வெயிலில் காயவைக்க வேண்டும். அபார்ட்மென்டில் மொட்டைமாடிச் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும், ஜூன் முதல் அக்டோபர் வரை வெயிலை நம்பவும் முடியாது. பிறகு வறுத்து, சுமந்து வந்து, வரிசையில் நிற்க வேண்டும். “அளவு எழுதி அனுப்புங்கள். சாமான் வாங்கி, வறுத்து, அரைத்து, ஆறவைத்து வைக்கிறோம். நாளை மாலை வந்து எடுத்துக்கொள்ளலாம்” என்பதே அவருக்கு வேண்டிய சலுகை. சாமான் விலை தனி, வறுகூலி தனி, அரவைக்கூலி தனி என்று மூன்று வரியாக ரசீது கொடுத்தால் சந்தேகம் வராது. ஆறவைப்பதைச் சுருக்காதீர்கள்: சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி தங்கிக் கட்டி விழும், ஒரு மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். பேப்பரில் பரப்பி இரண்டு மணி நேரம் விட வேண்டும். “எங்கள் பக்குவத்தில்தான் வேண்டும்” என்பவரிடம் அவர் வீட்டு அளவைக் கேட்டுப் பெயர் போட்டு நோட்டில் வைத்துக்கொண்டால், அடுத்த வருடம் “போன தடவை மாதிரியே” என்ற ஒரு சொல்லில் ஆர்டர் முடிந்துவிடும்.

சலுகை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: கடைப் பையனை அதை மூச்சுவிடாமல் ஒரு வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். “ஆனா” என்ற சொல் இரண்டு முறை வந்தால் நிபந்தனையை வெட்டுங்கள். “இன்றே கடைசி” என்று தினமும் போடாதீர்கள். பொய்யான அவசரம் காட்டுவதையும், கூடுதல் கட்டணத்தைக் கடைசியில் வெளியிடுவதையும் மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்திகள் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஒரே தெருவில் வியாபாரம் செய்பவருக்கு நாலு தடவைக்குமேல் அது பலிக்காது.

பணம் வாங்கும் இடம்

க்யூஆர் அட்டை வாடிக்கையாளர் பக்கம், நெஞ்சு உயரத்தில், ட்யூப்லைட் பிரதிபலிக்காத இடத்தில் இருக்கட்டும். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் கடைப் பெயராக இருக்க வேண்டும். கடைப் பெயர் ஒன்று, வரும் பெயர் வேறு யாருடையதோ என்றால் “இது நீங்கதானா?” என்று கேட்காதவர் இல்லை.

2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித் துறை, யூபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியபோது, பெங்களூரில் பல கடைகள் க்யூஆரைக் கழற்றிவிட்டு ‘கேஷ் மட்டும்’ என்று எழுதி ஒட்டின. பயம் நியாயமானது, வழி சரியானதல்ல. ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் விற்பனை வரம்பு பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். அந்தக் கணக்கில் ரொக்கமும் சேரும், அதனால் க்யூஆரை எடுத்தால் கடமை மாறாது, சில்லறை இல்லாத வாடிக்கையாளர்தான் திரும்பிப் போவார். செய்யவேண்டியது, வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கும் தனி க்யூஆரும் வைப்பது. மைத்துனர் திருப்பிக் கொடுத்த கடனும் சீட்டுப் பணமும் அதே கணக்கில் விழுந்தால், எது விற்பனை என்று பிறகு நிரூபிப்பது கஷ்டம். பாக்கெட் போடாத அரிசி, காய்கறி போல வரிவிலக்கு உள்ளதையும் வரி உள்ளதையும் சேர்த்து விற்பவர் தினக் கணக்கை இரண்டு பத்தியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வரம்பை நெருங்கும்போது ஆடிட்டரைப் பாருங்கள்.

எந்த வசதியைக் கொடுக்கக் கூடாது

வசதி என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பதில்லை. 70 ரூபாய் பாக்கெட்டை நாலு கிலோமீட்டர் கொண்டுபோய் இலவசமாகக் கொடுத்தால் 21 ரூபாய் லாபம் பெட்ரோலிலும் சிக்னலிலும் கரைந்துவிடும், அந்த நேரத்தில் கிரைண்டரும் சும்மா நிற்கும். அதற்குப் பதில் ஒரு அபார்ட்மென்டுக்குச் செவ்வாய், சனி இரண்டு நாள் மட்டும், குறைந்தது பத்துப் பாக்கெட் சேர்ந்தால், என்று வையுங்கள். முந்தின நாள் இரவு 9 மணிக்குள் ஆர்டர், மறுநாள் மாலை 6.30 முதல் 7.30க்குள் கேட்டில். “சாயங்காலம் வரும்” என்றால் அவர் நாலு மணியிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மணி நேர இடைவெளி சொன்னால் தன் வேலையைப் பார்ப்பார். முதல் தடவையே டவர், ஃப்ளாட் எண், கேட்டில் அனுமதி எப்படி என்று கேட்டு, காண்டாக்ட் பெயரிலேயே “பி டவர் 704, செவ்வாய் சனி, 2 பாக்கெட்” என்று சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கேட்டில் நின்று போன் அடிக்க வேண்டாம், அவரும் மீட்டிங்கை விட்டு எழ வேண்டாம். மழை பிடித்துத் தாமதமாகும் நாளில், அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இரவு பதினொன்றுக்கும் பதில் சொல்வேன் என்று பழக்காதீர்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் ‘அவே மெசேஜ்’ வைத்து, “காலை 7 மணிக்குப் பதில் வரும், ஆர்டரை இப்போதே எழுதிவைக்கலாம்” என்றால் போதும். நேரம் தெரிந்தால் மனிதர்கள் காத்திருப்பார்கள்.

இரண்டு வாரம் இதையெல்லாம் செய்தபின் மறுபடி அந்த நோட்டை எடுத்து 30 விசாரிப்புகளை எழுதுங்கள். ஒரு ஆர்டருக்கு எத்தனை செய்தி ஆனது, ‘சொல்றேன்’ என்று எத்தனை பேர் நின்றார்கள் என்று இரண்டே எண்கள் பாருங்கள். 13 என்பது 4 அல்லது 5க்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் உங்கள் கடையைப் பற்றி எதுவும் தெரியாத, கொஞ்சம் வயதான ஒருவரிடம் எண்ணைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஆர்டர் போடச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், விரலால் காட்டவும் வேண்டாம். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு “இதுக்கு அப்புறம் என்ன பண்ணணும்?” என்று கேட்கும் இடத்தைக் குறித்துவைத்து, மறுநாள் காலையில் அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.